பின்பக்கத்துக் கடைசிப் பாட்டு

இடது காதுதான் என்று நினைக்கிறான், ஆனால் அந்த நினைப்பை நம்பி என்ன பயன், போன வாரம் வலது காது என்றுதான் நினைத்தான், அத்தானுக்கு அப்போது எந்தக் காது கேட்டது, எந்தக் காது மங்கிப் போயிருந்தது என்று இன்றைக்கு யாராவது சட்டையைப் பிடித்துக் கேட்டால் அவனால் அடித்துச் சொல்ல முடியாது, அக்காவிடம் கேட்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் இப்ப எதுக்குடா அது என்பாள், எதற்கு என்று அவளிடம் எப்படிச் சொல்வது... மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஜன்னலைப் பார்த்துச் சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்த அறை, ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் மருந்துப் பை தொங்கும் கம்பி, கம்பியில் ஒரு சின்னப் பெட்டி, மருந்து தீர்ந்தால் அது கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தும், சாப்பாட்டு நேரம் முடிந்த மந்தம், பக்கத்து நாற்காலிக்காரர் செருப்பைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தது, அத்தானின் காலர்மேல் கிடந்த இயர்போனின் வெள்ளை ஒயர், அதன் ஒரு நுனி அத்தானின் காதில், மறு நுனி அவன் காதில். ஊசியை ஒரு வாரம் இந்தக் கையில் குத்தினால் அடுத்த வாரம் அந்தக் கையில் குத்துவார்கள், கம்பி எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பார்க்க வந்தவருக்கு முக்காலி, அதனால் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பதும் அவனுக்கு நிச்சயமில்லை. காதும் தெரியவில்லை, பக்கமும் தெரியவில்லை. தெரியவேண்டியது அந்த இரண்டும்தான்.

அத்தான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அக்காவின் கணவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, தான் பேசுவதில் சிக்கனம். அக்கா ஏதாவது ஒன்றுக்குப் பொரிந்து தள்ளிவிட்டு, பிறகு சரி, கோவத்துல சொல்லிட்டேன் என்று இறங்கி வந்தால், "விடு, இது பதிவுல ஏறாது" என்பார், நீதிபதி நீக்கச் சொன்ன பேச்சை நீக்குவது போல, அத்தோடு முடிந்துவிடும். அவருக்கு வந்த நோய்க்குக் கொடுத்த மருந்து உயிரைப் பிடித்து நிறுத்தும், ஆனால் காதைத் தின்னும், மருத்துவர் தின்னும் என்றே சொன்னாராம். ஒரு காது ஏற்கெனவே மங்கிவிட்டது, மற்றதும் போகும், எப்போது என்று சொல்வதற்கில்லை. அதைக் கேட்டுவிட்டு வந்த சாயங்காலம் அக்கா வீட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அக்கா எதையோ துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள், அப்போதுதான் அத்தான் அவனைப் பார்த்து, "மாப்ளே, காது இருக்கும்போதே நாலு பாட்டு கேட்டு வெச்சுக்கணும். உன்னோட அந்த லண்டன் கெழவனுங்க இருக்கானுங்களே, அவனுங்க பாட்டுல யாருக்கும் தெரியாததாப் பாத்துச் சொல்லு. தெரிஞ்ச பாட்டெல்லாம் உள்ள கெடக்கு, நெனச்சாலே கேக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அப்போதே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

சொல்லவில்லை. சொல்ல முடியாத ஓர் இடத்தில் அந்த வீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். அந்த பிரிட்டிஷ் ராக் குழு என்றால் அவன், அவன் என்றால் அந்தக் குழு, அவன் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே பெயரெடுத்து, இன்று தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மேடையை விடாத அந்த நாலு பேரைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவனைத்தான் கேட்பார்கள், அக்கா சின்ன வயதில் வைத்த ரேடியோ என்ற பட்டப்பெயர் அதனால்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ. உண்மை என்னவென்றால் அவன் ஒலிபெருக்கி விற்கும் கடையில் வேலை பார்ப்பவன், அந்தக் குழுவின் இசைத்தட்டுகளை முதலாளி ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார், வாடிக்கையாளர் வந்தால் ஒன்றை எடுத்துப் போடுவான், முதல் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை, அதற்குள் வந்தவர் தலையாட்டுவார் அல்லது வாசலைப் பார்ப்பார், ஊசியைத் தூக்கிவிட்டு அடுத்த தட்டு. ஒரு பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. எப்படி முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் வாசலில் நின்று பன்னீர் தெளித்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பியவன் மாதிரி, எத்தனையோ வருஷம், எத்தனையோ பாட்டு... அதை அவன் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, அதுதான் ஆச்சரியம், ஆரம்பத்தைக் கேட்டால் மீதியை ஊகித்துவிடலாம் என்று நம்பினான், மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தான் போலிருக்கிறது.

அன்று மேசையில் அவன் பட்டியல் போடவில்லை, சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொன்னான், அதுவும் பாட்டின் பெயரைச் சொல்லவில்லை, பெயர் பாதி ஞாபகமில்லை, மூணாவது ஆல்பம், பின்பக்கம், ரெண்டாவது, அப்புறம் அந்த நீல அட்டை போட்ட ஆல்பத்துல முதல் பக்கத்துக் கடைசி என்று இடத்தை வைத்துச் சொன்னான், அப்படிச் சொன்னால் இன்னும் ஆழமாகத் தெரிந்தவன் மாதிரி இருக்கும். அத்தான் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, அது இடதா வலதா, மேசையின் எந்த முனையில் அவர் உட்கார்ந்திருந்தார்... கடைசியாக ஒன்று சொன்னான். "அவங்களோட அஞ்சாவது ஆல்பம் அத்தான், பின்பக்கத்துக் கடைசிப் பாட்டு. அதை வார்த்தைக்காகவே கேக்கணும். ஒரு மனுஷன் தன் மனசுல இருக்கறதைப் பூராவும் அதுல கொட்டியிருப்பான்." ஏன் அப்படிச் சொன்னான்? எதிரில் இருந்தவர் சொற்களோடு வாழ்ந்தவர் என்பதால். கடையில் இளைஞன் வந்தால் பேஸ் எப்படி அதிருது பாருங்க என்பான், வயதானவர் வந்தால் குரல் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க என்பான், ஒரே ஒலிபெருக்கி, ஒரே பாட்டு, முகத்துக்கு ஏற்ற பேச்சு. அந்தப் பாட்டின் ஆரம்பம் அவனுக்குத் தெரியும், கிட்டார் ஒன்று தயங்கித் தயங்கி வரும், வார்த்தை தொடங்கும் முன்பே அவன் ஊசியைத் தூக்கியிருக்கிறான், அவ்வளவுதான், அவ்வளவு நீளமாகத் தயங்கினால் பின்னால் வரும் வார்த்தை கனமாகத்தான் இருக்கும் என்று ஊகித்தான். அவன் அன்று அத்தானுக்குப் பாட்டுச் சொல்லவில்லை. விற்றான். காது போய்க்கொண்டிருந்த மனிதரிடம், தான் கேட்டே இராததை எடுத்து விற்றான்.

அத்தான் கேட்டார், அதுதான் வினை, நிஜமாகவே ஒவ்வொன்றாகச் செல்போனில் தேடி எடுத்து உட்கார்ந்து கேட்டார். ஒரு காதுதான் வேலை செய்கிறது, ஒயரின் ஒரு நுனியில் பாட்டின் ஒரு பாதியும் மறு நுனியில் மறு பாதியும் வருகிறது, அதனால் ஒவ்வொரு பாட்டையும் அவர் இரண்டு முறை கேட்டார், முதலில் ஒரு நுனியை நல்ல காதில் வைத்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பிறகு மறு நுனியை எடுத்து அதே காதில் வைத்து மறுபடி கடைசிவரை. "ரெண்டு தரப்பையும் விசாரிக்காம தீர்ப்பு சொல்லக் கூடாதுல்ல மாப்ளே" என்றார் தொலைபேசியில், சிரிக்காமல், அவர் நகைச்சுவை சொன்னால் சிரிக்க மாட்டார். வாரத்துக்கு ஒரு பாட்டைப் பற்றிப் பேசினார். அந்த மூணாவது ஆல்பத்துப் பாட்டுல தாளம் போடறவன் நடுவுல ஒரு தடவை பிந்திடறான், மத்தவங்க அவனுக்காக நின்னு சேத்துக்கிட்டுப் போறாங்க, திருத்தாம அப்படியே விட்டிருக்காங்க பாத்தியா என்றார், ஆமா அத்தான், அதுதானே அழகு என்றான். நீல அட்டை ஆல்பத்துல பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் வருதே, ஒரே ஒரு வரி, அது யாரு என்றார், யாரோ பக்கத்துல இருந்தவங்களைக் கூப்பிட்டுப் பாட வெச்சிருப்பாங்க அத்தான் என்றான், சொல்லிவிட்டு வியர்த்த காதிலிருந்து தொலைபேசியை எடுத்துத் துடைத்துக்கொண்டான். அன்று கடையில் யாரும் இல்லை. அந்தத் தட்டை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கலாம், பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எழுந்து போய்ப் பெட்டியைத் தொட்டான், ஒருவர் வந்தார், ஊசியை வேறு தட்டில் வைத்தான். அத்தான் அந்த ஐந்தாவது ஆல்பத்துப் பாட்டைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இன்னொரு வாரமும் ஆயிற்று. கேக்கலையா அத்தான் என்று இவனும் கேட்கவில்லை, தூங்குகிற நாயை ஏன் உசுப்ப வேண்டும். பிறகு ஒரு நாள் அக்காதான் கூப்பிட்டாள், "டேய் ரேடியோ, இந்தத் தடவை மருந்து ஏத்தும்போது நீ கூட இருக்கணுமாம். ஏதோ பாட்டாம், சேந்து கேக்கணுமாம். சொன்னா சொன்னதுதான் உங்க அத்தான். வந்து சேரு" என்றாள்.

போனான். சிஸ்டர் ஊசியைக் குத்தி டேப் ஒட்டிக்கொண்டே, "இவர்தானா அந்தப் பாட்டுக்காரர்? போன தடவை பூரா உங்களப் பத்தித்தான் பேச்சு. எனக்கும் ஏதாவது சொல்லுங்க, தூங்க வைக்கற மாதிரி. நான் தூங்கக் கூடாது, இவங்க தூங்கணும்" என்று மற்ற நாற்காலிகளைக் காட்டினார், அவன் சிரித்தான், அத்தான், "சிஸ்டர், அவர் சொல்ற பாட்டு தூங்க விடாது" என்றார். அக்கா மருந்துக் கடைக்குக் கீழே போனாள். அத்தான் ஒயரைப் பிரித்து ஒரு நுனியை அவனிடம் நீட்டினார், சிக்கு எடுக்க அவருக்கு ஒரு கைதான் இருந்தது, மற்றதில் ஊசி, அவன் எடுத்துக் கொடுத்தான். பாட்டு தொடங்கியது. அந்தத் தயங்கும் கிட்டார், இதோ, இது தெரியும், இந்த இடம் வீடு மாதிரி, இங்கே ஒரு கம்பி லேசாக அதிரும், இங்கே ஒரு மூச்சு நேரம் நிற்கும், தெரிந்தவன் முகத்தை வைத்துக்கொண்டு அவன் மெல்லத் தலையாட்டினான், இதோ இந்த இடத்தில்தான் வழக்கமாக ஊசியைத் தூக்குவான்... தூக்கவில்லை, பாட்டு போனது, அவன் காலடி வைத்தறியாத இடத்துக்குள் போனது. பேஸ் கிட்டார் வந்து சேர்ந்தது. தாளம் வந்தது, மிக மெதுவாக, துணியால் தட்டுவது போல. இனி வார்த்தை. இப்போது வரும். வரவில்லை. அடுத்த சுற்றில் வரும், இது பெரிய சுற்று, இந்தக் குழு எப்போதும் இப்படித்தான், காக்க வைப்பார்கள். அந்தச் சுற்றும் போனது.

அப்போதுதான் அவனுக்குள்ளிருந்த கடைக்காரன் கை கொடுத்தான். பழைய பதிவுகளில் குரலை ஒரு பக்கம் தள்ளி வாத்தியங்களை மறுபக்கம் தள்ளிவிடுவார்கள், எத்தனை வாடிக்கையாளருக்கு இதை விளக்கியிருக்கிறான், இரண்டு ஒலிபெருக்கிக்கு நடுவில் நிறுத்தி வைத்து. அப்படியென்றால் குரல் அந்தப் பக்கம் போகிறது. அத்தான் காதில் இந்த நிமிடம் ஒருவன் தன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கிறான், இவன் காதில் வாத்தியம் மட்டும் வருகிறது. அப்பாடா என்று இருந்தது, ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம் இருந்திருக்காது. அத்தானின் முகத்தைப் பார்த்தான், சொல்லைக் கேட்கிறவரின் முகமா அது, நீதிமன்றத்தில் அவர் கேட்டதை அவன் பார்த்ததில்லை, ஆனால் சொல் வரும்போது அவர் கட்டை விரல் சுட்டு விரலின் மேல் லேசாக நகரும், தொலைக்காட்சிச் செய்தி கேட்கும்போதுகூட, பழக்கம், எழுதுகிற விரல்கள் சும்மா இருக்காது என்று அக்கா கேலி செய்வாள். ஊசி குத்தாத அந்தக் கையைப் பார்த்தான். மடியில் கிடந்தது. விரல்கள் நகரவில்லை. தாளம் ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்று, விரல்கள் நகரவில்லை. அந்தப் பக்கமும் வார்த்தை இல்லை. அந்தப் பாட்டில் வார்த்தையே இல்லை. வெறும் வாத்தியம், தலை முதல் கால் வரை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும், தலையாட்டிக்கொண்டே இருந்தான், தலையை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று, பக்கத்து நாற்காலிக்காரரின் செருப்பைப் பார்த்தபடி, காது மடல் சுட, கழுத்து சுட... இவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இரண்டு தரப்பையும் விசாரித்தவர். ஒரு நுனியில் வார்த்தையைத் தேடியிருப்பார், இல்லை, மாப்ளே சொன்னானே, அப்போ மறு நுனியில் இருக்கும் என்று மாற்றி வைத்திருப்பார், அங்கேயும் இல்லை, ஒருவேளை காதுதான் போய்விட்டதோ, வார்த்தை இருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று... அப்படி நினைத்திருப்பாரா? வீட்டில் ஏதோ ஓர் அறையில், தனியாக, ஒரு பொய்யை நம்பித் தன் காதைச் சந்தேகப்பட்டிருப்பாரா? இது அவனுக்கு அதுவரை தோன்றவில்லை. அவமானம் என்பது தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் என்று அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடியப் போகிறது என்று எப்படித் தெரிந்தது, முடிவுகள் அவனுக்குப் பழக்கமில்லை, ஆனால் தெரிந்தது, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன, கிட்டார் மட்டும் மிஞ்சியது, முதலில் தயங்கியது போலவே தயங்கியது. அப்போது அத்தான் தன் காதிலிருந்து நுனியை எடுத்தார், காலரில் ஒட்டிய நூலை எடுப்பது போல எடுத்து, அவன் பக்கம் சாய்ந்து, அவனுடைய காலியான காதில் தானே வைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்கு வைப்பது போல. "இந்தப் பக்கமும் கேளு" என்று சொன்னார் போலிருக்கிறது, உதடு அப்படித்தான் அசைந்தது. இரண்டு காதும் நிறைந்தது. கிட்டார் நின்றது. நின்ற பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஓர் அறையின் வெறுமை, யாரோ நாற்காலியில் நகர்ந்த கிறீச், அப்புறம் அந்தப் பக்கம், அத்தான் கொடுத்த பக்கம், ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுத்தான். நன்றாக, நெஞ்சு நிறைய, ஒன்றைச் சொல்லப் போகிறவன் இழுப்பது போல. அங்கே பாட்டு முடிந்துவிட்டது. அவன் இரண்டையும் கழற்றினான். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூச்சு. அதைத்தானே சொன்னே?" என்றார்.

என்ன கேள்வி அது. நிஜமாகவே அப்படி நம்பிக் கேட்டாரா, மாப்ளே வார்த்தை என்று சொன்னது வராத வார்த்தையைத்தான், இவ்வளவு நுட்பமாகக் கேட்கிறானே என்று நினைத்துத்தான் அழைத்தாரா? இல்லை, கிணற்றில் கிடப்பவனுக்குக் கயிறு போடுவது போல, இதைப் பிடித்து ஏறிக்கொள் என்று போட்டதா? அவர் குரலில் எதுவும் இல்லை, நாற்பது வருஷம் அடுத்தவர் குரலை எழுதியவரின் குரல், அதில் எதைப் படிப்பது. இல்ல அத்தான், நான் கேட்டதே இல்ல என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவனும் மூச்சை இழுத்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இழுத்துவிட்டு, "ஆமா அத்தான்" என்றான். மெதுவாக, தன் காதுக்கே எட்டுமா எட்டாதா என்ற அளவில். அதே சமயம் பெட்டி கோழிக்குஞ்சாகக் கத்தத் தொடங்கியது, சிஸ்டர் வந்தார், பின்னாலேயே அக்கா ஒரு கையில் மருந்துப் பையும் ஒரு கையில் தேநீருமாக வந்து, "அங்க ஒரே வரிசை, நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு. என்னடா, வார்த்தை வார்த்தைன்னு ஒரே பெருமை அடிச்சியே, அப்படி என்னதான் சொல்றான் அந்தப் பாட்டுல?" என்றாள். அவன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். அத்தான் அவளிடமிருந்து தேநீரை வாங்கிக்கொண்டு, "வார்த்தை கம்மிதான். ஆனா நல்லா இருந்துச்சு" என்றார். சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவை சொன்னால் சிரிக்க மாட்டார், நகைச்சுவையாக இல்லாததைச் சொன்னாலும் சிரிக்க மாட்டார், அதனால் அதை வைத்தும் ஒன்றும் சொல்வதற்கில்லை. அக்கா, "ரெண்டு பேரும் சரியான ஜோடி" என்று சொல்லிவிட்டு பக்கத்து நாற்காலிக்காரரின் செருப்பில் தடுக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

இப்போது அவன் யோசிப்பதெல்லாம் அந்த ஆமாவைப் பற்றித்தான். நல்ல காது இவன் பக்கம் இருந்திருந்தால் அது அவருக்குக் கேட்டிருக்கும், பதிவில் ஏறியிருக்கும், அவர் காதுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அவனுடைய சில பேச்சுகளில் அந்தப் பொய்யும் ஒன்று. மங்கிய காது இருந்திருந்தால் கேட்டிருக்காது. அது நல்லதுதானே என்று முதலில் தோன்றியது, சொன்ன பொய் போய்ச் சேரவில்லை, தப்பித்தோம் என்று, பல நாள் அந்த நிம்மதிக்காகவே அந்தக் காதைத் தேடினான். பிறகு ஒரு நாள் கடையில் யாருக்கோ எதையோ கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேறு விதமாகப் புரிந்தது. கேட்கவில்லை என்றால், அத்தான் ஒரு கேள்வி கேட்டார், பதில் வரவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அத்தான் பிழைத்துக்கொண்டார், இரண்டு காதும் போய்விட்டது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார், வேண்டாத பேச்சென்றால் புரியவில்லை என்கிறார். அக்கா இன்னும் உரக்கத்தான் பேசுகிறாள், பழக்கம் விடவில்லை. சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கடையில் இப்போது ஒலிபெருக்கியைவிடக் காதில் செருகுவதுதான் அதிகம் போகிறது, அவன் அதையும் முதல் ஒரு நிமிடம் போட்டுக் காட்டித்தான் விற்கிறான், பாட்டை முழுக்கக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும், வரவில்லை, அந்த ஒரு பாட்டைத் தவிர. லண்டன் கிழவர்கள் மூன்று பேராகி இன்னும் மேடையேறுகிறார்கள். அவன் வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்குப் போகிறான், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பேரும் பேசுவதில்லை. இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.